சீடியின் முகத்தில் வைத்த சந்தனம்

போன வாரம் இராஜபாளையத்தில் இருந்து பிரபு போன் பண்ணினான். நான் ஓய்வு பெற்ற பேண்டேஜ் கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். "சார், எல்லா மிஷினையும் பதினொண்ணாம் வெர்ஷனுக்கு மாத்தச் சொல்லிட்டாக. பழசு மேலயே அப்கிரேடு போடவா, இல்ல சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடவா?" என்று கேட்டான். அழித்துவிட்டே போடு என்றேன். "பழைய லைசென்ஸ் எங்கன்னு கேக்குமா சார்?" என்றான். "இப்பல்லாம் அது எங்கடா கேக்குது. அதுவே தெரிஞ்சுக்கிடும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஒரு காலத்தில் அது கேட்கும். அப்கிரேடு லைசென்ஸ் என்பது ஏற்கெனவே பழசு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிற சலுகை. டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு அதைப் போட்டால், நடுவில் ஒரு நீலத் திரை வந்து நிற்கும். உன்னிடம் பழசு இருந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்கும். பழைய சீடியை உள்ளே தள்ளிக் காட்ட வேண்டும். பார்த்துத் திருப்தியானால், அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு மேலே போகும். அதன் பிறகு பழசைப் பற்றிப் பேச்சே எடுக்காது. இந்த விவகாரத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி இதைப் படிப்பாள். முக்கால்வாசி அவளுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது ஒன்று உண்டு, அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். எதையும் பாதி படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிற பழக்கம் அவளுக்கு இருப்பது எனக்கு ஒரு தைரியம்.

என் படிப்பைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தறிக்காரர் வீடு. பாலிடெக்னிக் முடித்து, மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ், ஒரு மில்லில் டேட்டா என்ட்ரி, இரண்டு தங்கச்சிமார் கல்யாணம். அதற்குள் முப்பதைத் தாண்டியாயிற்று. பிறகுதான் பேண்டேஜ் கம்பெனிக்கு வந்து, அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பத்மநாபன் சாரிடம் சேர்ந்தேன். வேலை என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது.

பத்மநாபன் சாரும் எங்கள் ஊர்தான். ஆண்டாள் கோவிலில் பரம்பரையாகக் கைங்கர்யம் செய்கிற குடும்பம். காலையில் கோவிலில் இருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார், நெற்றியில் நாமம் காயாமல் இருக்கும். இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம். பஸ்ஸில் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆபீஸில் கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். நாங்கள் பயந்ததெல்லாம் அந்த இறங்கிய குரலுக்குத்தான்.

அந்த நாளில் ஊரில் பாதிக் கம்ப்யூட்டர் காப்பி சீடியில்தான் ஓடியது. ஒரு சீடியை வைத்துத் தெருவுக்கே போட்டுக்கொடுத்த புண்ணியவான்களும் இருந்தார்கள். எங்கள் முதலாளியிடமே யாரோ அப்படி ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். பத்மநாபன் சார் அவர் அறைக்குப் போய், "நாம செய்யறது புண்ணுக்குக் கட்டுற துணி. அது போற பெட்டிக்கு லேபிள் அடிக்கிற மிஷின்ல திருட்டு எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். மறு மாதமே முறையான அப்கிரேடு லைசென்ஸ் வந்து இறங்கியது. தொண்ணூற்றெட்டு என்ற பழைய வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எக்ஸ்பி என்ற புதுசுக்கு மாற வேண்டும்.

அவர் முறையே தனி. திரையில் லைசென்ஸ் ஒப்பந்தம் வரும். உலகத்தில் எல்லாரும் எஃப்8 பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவர் அமுக்க விட மாட்டார். பக்கம் பக்கமாக, வாய்விட்டு, முழுசாக வாசிக்கச் சொல்வார். முதல் தடவை எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளில் நான் தடுக்கித் தடுக்கி விழ, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார். "ஒத்துக்கிடுதேன்னு சொல்லுறதுக்கு முன்னாடி எதுக்கு ஒத்துக்கிடுதோம்னு தெரிய வேண்டாமாய்யா?" என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்தக் குரலைக் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அழிப்பதற்கு முந்தின நாள் ஒரு ஃபாரம் உண்டு. அவரே கோடு போட்டு அச்சடித்தது. அதில் மூன்று கட்டம்: வேண்டியது, வேண்டாதது, தெரியாதது. மிஷினில் வேலை பார்க்கிறவர் நம் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்ட வேண்டும். அவர் சொல்கிற கட்டத்தில் அதன் பேரை எழுத வேண்டும். தெரியாதது என்ற கட்டம் காலியாகும் வரை அழிக்கக் கூடாது. "அழிச்சா அழிச்சதுதான். அடுத்தவங்களோடதை நாம அழிக்கோம், அவங்க வாயால கேட்டுக்கோ" என்பார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். எந்தப் பழைய சீடியைக் காட்டினாலும் மிஷின் ஒத்துக்கொள்ளும்தான். ஆனால் அந்த மிஷினோடு வந்த சீடியைத்தான் அதற்குக் காட்ட வேண்டும் என்பார். ஒவ்வொரு பிரிவும் தன் மிஷின் சீடியைத் தானே பத்திரமாக வைத்திருக்கும். அவர் பீரோவில் பொதுச் சீடி என்று ஒன்று தனியாக இருந்தது. அது உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்.

இனி லட்சுமியைப் பற்றி. முழுப் பேர் நாகலட்சுமி. டிஸ்பேட்ச் பிரிவில் லேபிள் அடிப்பதும் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்வதும் அவள் வேலை. இராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. சிரித்துக்கொண்டே குத்துகிற ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்னைக் கூப்பிட்டுவிட்டு, நான் மாடியில் இருந்து இறங்கி வருவதற்குள் அவளே எடுத்திருப்பாள். "வந்துட்டீங்களா? சும்மாத்தான் சார், நடந்தா உடம்புக்கு நல்லது" என்பாள். அவளுக்கு இருபத்தொன்பது, எனக்கு முப்பத்தைந்து. இரண்டுமே எங்கள் பக்கத்தில் வீட்டார் கவலைப்படத் தொடங்கி, கவலைப்பட்டு முடித்துவிடுகிற வயசு. எனக்கு அவள் மேல் ஆசை இருந்தது. நான்கு வருஷம் இருந்தது. பிளவக்கல் அணைக்கு ஆபீஸ் டூர் போனபோது மதகுப் பக்கம் இருவரும் தனியாக நின்றிருந்தோம். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியவன் தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

எல்லாப் பிரிவும் முடிந்து, கடைசியாக டிஸ்பேட்ச் மிஷின் வந்தது. அப்போது ஆடிப்பூரம். தேரோட்ட வேலைகளுக்காகப் பத்மநாபன் சார் நான்கு நாள் லீவு. பீரோச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "முறை தப்பாமப் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் ஃபாரம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்வாய்ஸ், லேபிள், பேக்கிங் லிஸ்ட் என்று திறந்துகொண்டே வந்தோம். அவள் "வேண்டியது", "வேண்டாதது" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு ஃபைல் வந்தது. திறந்தால் அவளுடைய பயோடேட்டா. வேலைக்கு அனுப்புவது இல்லை. ராசி, நட்சத்திரம், உயரம், நிறம், சமைக்கத் தெரியும், இத்யாதி.

நான் அதைப் படிக்காத மாதிரி நடித்தேன். "இது எந்தக் கட்டம்?" என்று கேட்டேன்.

"தெரியாதது" என்றாள்.

"அந்தக் கட்டம் காலியாகணுமே."

"எனக்கும் தெரியும்." கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "ஹைதராபாத் மாப்பிள்ளை. நாளைக்குச் சாயங்காலம் அவிய வீட்டுல இருந்து வாராக. நாந்தான் பதில் சொல்லணும்னு நாயனா சொல்லிட்டாரு. சரின்னா சரி, இல்லன்னா இல்ல. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." அவர்கள் வீட்டில் அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு திரையைக் காட்டி, "இதை என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேண்டியது என்ற கட்டத்தில் அதன் பேரை எழுதினேன். ஒரு ஃப்ளாப்பியை எடுத்து அந்த பயோடேட்டாவைப் பத்திரமாகக் காப்பி செய்தேன், சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்தும் பார்த்தேன், லேபிள் ஒட்டி அவள் கையில் கொடுத்தேன். "டேட்டான்னா எப்பவும் ஒரு காப்பி இருக்கறது நல்லது" என்று ஒரு அறிவுரை வேறு. அவள் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று பஸ்ஸில் வரும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, நாளைக்குக் கட்டாயம் கேட்டுவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் முன்னாலேயே டிஸ்க்கை அழித்தேன். புதுச் சீடியைப் போட்டேன். ஒப்பந்தம் வந்தது. சார் இல்லை, எஃப்8ஐ அமுக்கியிருக்கலாம். ஆனாலும் வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதால் கொஞ்சம் ராகத்தோடே வாசித்தேன். "கல்யாணத்துல ஐயர் சொல்லுதது கூட இம்புட்டு நீளம் இல்லை" என்று சிரித்தாள். எஃப்8. நீலத் திரை வந்து பழைய சீடியைக் கேட்டது. அவள் டிராயரைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த உறையை எடுத்துக் கொடுத்தாள்.

சீடியை வெளியே இழுத்தபோது கரகரவென்று ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் சந்தனப் பொட்டுகள், நடுவில் குங்குமம். நான்கைந்து இடத்தில் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைப்பது வழக்கம். துணி வெட்டும் கத்தி, தராசு, மானிட்டர், மவுஸ் என்று எதுவும் தப்பாது. இந்தச் சீடிக்கு மூன்று வருஷப் பொட்டு விழுந்திருந்தது.

"இந்தப் பக்கமா வைப்பாங்க?" என்றேன்.

"பின்னே? பளபளன்னு இருக்கறதுதானே முகம். எழுத்து இருக்கற பக்கம் முதுகு. முதுகுல யாராவது பொட்டு வைப்பாங்களா?" என்று என்னையே கேட்டாள்.

மிஷினுக்கு அந்த முகம் அடையாளம் தெரியவில்லை. உள்ளே தள்ளினேன். கரகரத்தது, முனகியது, பழைய சீடியைப் போடவும் என்று மறுபடி கேட்டது. வெளியே எடுத்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். எங்கள் கம்பெனிப் பஞ்சு, அதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. சந்தனம் போயிற்று, அடியில் கீறல் இருந்தது. அவள் கேன்டீன் அக்காவிடம் போய்ப் பற்பசை வாங்கி வந்தாள். ஒரு துளி வைத்து, வட்டமாகத் தேய்க்காமல், நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் தேய்க்க வேண்டும். அவள் சீடியை விளிம்பில் பிடித்துக்கொள்ள நான் தேய்த்தேன். உள்ளே தள்ளினோம். இல்லை. மறுபடி தேய்த்தோம். மறுபடி இல்லை.

பொதுச் சீடி மாடியில் பீரோவில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. போய்வர ஐந்து நிமிஷம் ஆகாது. காட்டியிருந்தால் பத்து மணிக்கே வேலை மேலே போயிருக்கும், அவளும் பக்கத்து மேஜைக்குப் போயிருப்பாள். நான் எழுந்திருக்கவில்லை. விதி அப்படி, அவரவர் சீடியைத்தான் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சீடி சரியாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அதைத் தேய்த்த ஒரே சிஸ்டம் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் அந்த மேஜையிலேயே சாப்பிட்டோம். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் டப்பாவில் இருந்து புளிச்சக்கீரைத் துவையலை என் சோற்றில் வைத்தாள், கேட்காமலே. என் வாழ்க்கையில் எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று. இன்றைக்கும் மனசு போய் உட்காருவது அந்த மேஜையில்தான்.

மூன்றரை மணிக்கு, ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, மிஷின் சீடியை ஏற்றுக்கொண்டது. இரண்டு வினாடி பார்த்தது. புதுச் சீடியைத் திரும்பப் போடச் சொன்னது.

"அம்புட்டுத்தானா?" என்றாள் லட்சுமி. "பழசு இருந்துச்சுன்னு காட்டுனாப் போதும், பொறவு அதைக் கேக்கவே கேக்காதா?"

"கேக்காது."

"நல்ல நியாயம்" என்றாள்.

ஃபார்மேட் முடிந்து, காப்பி ஆகி, மிஷின் ஒரு தடவை அணைந்து எழுந்தது. இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம் என்று திரையில் வந்தது. முப்பத்தைந்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிறகு முப்பதில். பிறகு இருபதில். "பதில் சொல்லாதீங்க லட்சுமி, நான் வீட்டுல வந்து பேசுதேன்" என்றால் தீர்ந்தது. அவர்கள் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், எங்கள் அம்மா என்ன சொல்வாள் என்றெல்லாம் பயம் இருந்தது. அதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம், அவள் மனசில் நான் இருக்கிறேனா என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அது கையில் கிடைக்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் தேதி, நேரம் சரியா என்று பார்த்துச் சொன்னாள். நான் டைப் அடித்தேன். ஐந்து மணிக்குப் பச்சை மேடும் நீல வானமுமாகப் புதுத் திரை திறந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஹைதராபாத்துக்கு நிச்சயமானது. ஆவணியில் கல்யாணம். வேலையை விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து வந்த பத்மநாபன் சார் ஃபாரத்தைப் பார்த்தார், சீடியை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல்களைப் பார்த்தார். "ஒரு மிஷினுக்கு ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கு. பொதுச் சீடியை எடுக்கலையா?"

"அது உயிர் போற அவசரத்துக்குன்னு நீங்க சொல்லியிருக்கீங்களே சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரல் இறங்கியது. "உயிர் போற அவசரம் ஒண்ணும் இல்லைன்னு நெனைச்சியாக்கும்" என்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு கோவிலில் பலமுறை பார்த்தேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

இதுவரை என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நானே சொன்னேன், "கேக்கத் தைரியம் இல்லாமப் போச்சு" என்று. அவளும் "நல்லவேளை" என்று சிரித்தாள். சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

அன்று ஐந்து மணிக்கு லட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். போனவள் திரும்பி நின்றாள்.

"சார், மாடி பீரோவுல பொதுச் சீடி ஒண்ணு இருக்குல்ல?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"பீரோவுல என்னென்ன இருக்குன்னு எழுதுன ரெஜிஸ்டரை டைப் அடிச்சதே நாந்தான். காலையில இருந்தே எனக்குத் தெரியும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒன்றும் புரியாதவன் இல்லை. நான் எழுந்திருக்காமல் இருந்த அந்த ஆறு மணி நேரமும், பொதுச் சீடி இருப்பது தெரிந்தே, அவளும் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு வேண்டியிருந்த சாட்சி நேர் எதிரே வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

"ஃபாரத்துல கடைசிக் கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவள் நடந்து வந்து, என் கையில் இருந்த பேனாவை வாங்கினாள். ஃபாரத்தின் அடியில் பத்மநாபன் சார் அச்சடித்து வைத்திருந்த ஒரு வரி உண்டு. அதை அவள் நிறுத்தி நிதானமாக, எனக்குக் கேட்கும்படி வாசித்தாள்: "எனக்கு வேண்டியவை எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. விடுபட்டது எதுவும் இல்லை."

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.